கரிஞ்சா: கட்டுக்கதையைக் கழித்த பிறகும் மிஞ்சுகிற ஆட்டக்காரர்

கால்பந்து வீரர்களின் வாழ்க்கை வரலாறு என்று வரும் புத்தகங்களில் முக்கால்வாசி எனக்கு ஆகாது. ஏழைக் குடும்பம், தெருவில் பந்து, கண்டெடுத்த பயிற்சியாளர், முதல் கோல், ஒரு காயம், மீண்டு வந்து கோப்பையைத் தூக்குவது, முடிந்தது. பெயரை மாற்றி வேறொருவர் படத்தை அட்டையில் ஒட்டினாலும் உள்ளே ஒன்றும் கெட்டுப்போகாது. ஆட்டக்காரரின் ஏஜென்ட் படித்துப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் அச்சுக்கே போயிருக்கும் என்பது பத்தாவது பக்கத்தில் தெரிந்துவிடும். 2006ல் வேய்ன் ரூனிக்கு இருபது வயது, அப்போதே ஒரு பதிப்பகம் அவரோடு ஐந்து புத்தகங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. இருபது வயதுக்கு ஐந்து புத்தகம்! எதை வைத்து எழுதுவார்கள், பாவம்.

ருய் காஸ்ட்ரோ எழுதிய கரிஞ்சா வாழ்க்கை வரலாறு அந்த ரகம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஸ்ட்ரோ பிரேசில்காரர், பத்திரிகையாளர். இதற்கு முன்னால் போசா நோவா இசை பிறந்த கதையையும், நாடக ஆசிரியர் நெல்சன் ரோட்ரிக்ஸின் வாழ்க்கையையும் எழுதியவர், அதாவது விளையாட்டுப் பக்கம் எழுதியே வளர்ந்தவர் இல்லை, ஆட்களை எழுதுபவர். இந்தப் புத்தகம் 1995ல் போர்ச்சுகீசிய மொழியில் வந்தபோது அதன் பெயர் தனி நட்சத்திரம் என்று பொருள்படும். கரிஞ்சா ஆடிய போட்டாஃபோகோ கிளப்பின் சின்னத்தில் இருக்கும் ஒற்றை நட்சத்திரம்தான் அது. 2004ல் ஆண்ட்ரூ டவுனி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நான் படித்தது அதைத்தான்.

கரிஞ்சா யார் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. முழுப்பெயர் மானுவல் ஃபிரான்சிஸ்கோ டோஸ் சாண்டோஸ், பிறந்தது 1933 அக்டோபரில், ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில் பாவ் கிராண்டே என்ற ஆலை ஊரில். கரிஞ்சா என்பது ஒரு சின்னப் பறவையின் பெயர், வீட்டில் வைத்தது. இரண்டு காலும் வளைந்தவை, அதுவும் ஒரே பக்கமாக: ஒன்று உள்ளே வளைந்திருக்கும், மற்றது வெளியே, ஒன்று மற்றதைவிட ஆறு சென்டிமீட்டர் குட்டை என்பார்கள். அந்தக் கால்களோடு 1958, 1962 என இரண்டு உலகக் கோப்பைகளை பிரேசிலுக்கு வாங்கித் தந்தவர். பெலேயும் இவரும் சேர்ந்து இறங்கிய ஆட்டம் ஒன்றில்கூட பிரேசில் தோற்றதில்லை. பிரேசில் சட்டையில் இவர் தோற்றது ஒரே ஒரு முறை, 1966ல் ஹங்கேரியிடம் 1-3, அதுவே அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டம், அதில் பெலே ஆடவில்லை. இறந்தது 1983 ஜனவரி 20, குடியால், நாற்பத்தொன்பது வயதில்.

இவ்வளவுதான் கதை என்றால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் முடிக்கிறார்கள்: வளைந்த கால், வெகுளி மனசு, பறவை மாதிரி சுதந்திரம், கடைசியில் குடி, ஐயோ பாவம். காஸ்ட்ரோ இந்த வெகுளி மனசிலேயே கை வைக்கிறார். என்னைப் பிடித்து உட்கார வைத்தது அதுதான்.

கரிஞ்சாவைப் பற்றிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1958 உலகக் கோப்பைக்கு ஸ்வீடன் போனபோது அங்கே ஒரு ரேடியோ வாங்கினாராம், இது ஸ்வீடிஷ் மட்டும்தான் பேசும், ஊருக்குக் கொண்டுபோனால் உனக்கு ஒன்றும் புரியாது என்று அணியின் மசாஜ்காரர் சொல்ல, நம்பி அடிமாட்டு விலைக்கு அவரிடமே விற்றாராம். பயிற்சியாளர் ஃபியோலா பலகையில் கோடு போட்டு, நீ இப்படிப் போ, அவன் அப்படி வருவான், நாம் இங்கே கோல் போடுவோம் என்று விளக்கிக்கொண்டிருக்க, அதெல்லாம் சரி, ரஷ்யாக்காரர்களிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாராம். தன்னைத் தடுக்க வரும் டிஃபெண்டர் யாராக இருந்தாலும் பெயர் கேட்டுக்கொள்ள மாட்டாராம், எல்லோரும் அவருக்கு ஜுவாவ்தானாம், நம் பக்கம் யாரோ ஒரு முருகன் என்கிற மாதிரி. கால்பந்து பேசுகிற எந்தக் கூட்டத்திலும் இதில் ஒன்றையாவது யாராவது சொல்லிச் சிரிப்பார்கள்.

இதையெல்லாம் காஸ்ட்ரோ ஒவ்வொன்றாக எடுத்து, யார் சொன்னது, எப்போது சொன்னது, அன்றைக்கு அங்கே யார் இருந்தார்கள் என்று துருவுகிறார். பல கதைகளின் வேர் சாண்ட்ரோ மொரேரா என்ற பத்திரிகையாளரிடம் போய் நிற்கிறது. அவர் கரிஞ்சாவுக்கு நண்பர், நன்றாக எழுதுபவர், பத்தியை நிரப்ப வேண்டிய அவசரமும் உள்ளவர். ஜுவாவ் சமாச்சாரம் அவர் கிளப்பிவிட்டதுதான். கரிஞ்சாவுக்கே அது பிடிக்கவில்லை, ஏனென்றால் அதைப் பேப்பரில் படித்த டிஃபெண்டர் அடுத்த ஆட்டத்தில் காலைப் பார்த்து மிதிப்பான். வேடிக்கைக் கதையின் வலியை வாங்கிக்கொண்டது யார் என்று பார்த்தால் அந்தக் கால்கள்தான். இந்த மாதிரி ஓர் இடத்தை மற்ற புத்தகங்களில் தேடினாலும் கிடைக்காது, அவற்றில் கதையைச் சொல்லிவிட்டு அடுத்த கோலுக்குப் போய்விடுவார்கள்.

காஸ்ட்ரோ இதை வெறும் உண்மை சரிபார்ப்பாகச் செய்யவில்லை. பக்கம் பக்கமாகப் படிக்கப் படிக்க எனக்குப் பிடிபட்டது இதுதான்: அவர் ஒரு குழந்தை, அவருக்கு ஒன்றும் தெரியாது, அவருக்குப் பணம் முக்கியமில்லை என்கிற பேச்சு யாருக்கு வசதியாக இருந்ததோ அவர்கள்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள். தொகையை எழுதாத வெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு கிளப் தன் இஷ்டத்துக்கு எண்ணைப் போட்டுக்கொள்ளும். போட்டாஃபோகோ வெளிநாட்டுக்குக் காட்சி ஆட்டம் ஆடப் போனால் கரிஞ்சா இறங்கினால் ஒரு தொகை, இறங்காவிட்டால் குறைவு. அவரை வைத்துக் காசு வந்துகொண்டே இருந்தது, அவர் கைக்கு வந்தது மட்டும் உடன் ஆடிய சிலரைவிடக் குறைச்சல். காஸ்ட்ரோ இதை எங்கும் கூவிச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் நம் முன்னால் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார், எரிச்சல் நமக்கு வருகிறது.

1958 உலகக் கோப்பைக்கு முன்னால் அணியின் உளவியலாளர் வைத்த ஒரு சோதனை உண்டு. 123க்கு 38 எடுத்தார் கரிஞ்சா. இவரைச் சேர்க்க வேண்டாம் என்று சிபாரிசு. அதே ஆள் பெலேயையும் குழந்தைத்தனம் என்று கழித்துக்கட்டினார். அந்த இரண்டு பேரும்தான் அந்தக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லி எல்லோரும் சிரிப்போம், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த 38 என்ற எண் இன்றைக்கும் கரிஞ்சாவின் மேல் லேபிள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெலேயின் மேல் ஒட்டவில்லை.

சரி, புத்தகத்தின் ஆரம்பத்துக்கு வருகிறேன். அது கரிஞ்சாவில் தொடங்கவில்லை, வடகிழக்கு பிரேசிலில் வாழ்ந்த ஃபுல்னியோ பழங்குடியினரான அவருடைய முன்னோர்களில் தொடங்குகிறது. சிலருக்கு இது இழுவையாகப் படலாம். பொறுமையாகத் தாண்டினால் பாவ் கிராண்டே வருகிறது, அந்த அத்தியாயம் அருமை. ஜவுளி ஆலைதான் ஊர். ஆங்கிலேய மேலாளர்கள், ஆலை கட்டிய வீடுகள், ஆலையின் கால்பந்து அணி. பதினாலு வயதில் பையன் ஆலையில் சேர்கிறான். வேலை செய்வதில் துளி ஆர்வமில்லை, பஞ்சுப் பெட்டிக்குள் படுத்துத் தூங்குகிறான். வேலையை விட்டுத் துரத்துகிறார்கள். அப்புறம்? ஆலை அணிக்கு வலது விங்கில், அதாவது வலது ஓரத்தில் முன்னேறி ஆட, ஆள் வேண்டுமே, திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்த ஒரு சம்பவத்திலேயே அவருடைய பின்னாளைய வாழ்க்கை முழுக்க இருக்கிறது: ஆடும்வரை எதையும் மன்னிப்பார்கள்.

அந்த ஊரில் இன்னொன்றும் இருக்கிறது, அதை காஸ்ட்ரோ ரொம்ப நிதானமாக வைக்கிறார். கஷாசா என்பது கரும்பிலிருந்து காய்ச்சும் சாராயம். அதில் தேனும் பட்டையும் கலந்து பிள்ளைகளுக்கே மருந்து மாதிரி கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. அப்பா குடிகாரர். பையன் பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே அது நாக்குக்குப் பழகியிருக்கிறது. பிற்பாடு 1970களில் அவர் தள்ளாடுவதைப் படிக்கும்போது, புகழ் போனதால் குடித்தார், காதலால் குடித்தார், காயத்தால் குடித்தார் என்று சுலபமாக ஒரு காரணம் தேட நம் மனசு துடிக்கும். இந்த அத்தியாயம் அதற்கு இடம் கொடுக்காது. காஸ்ட்ரோவும் குடியை விட்டு மீண்டவர், அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதனாலோ என்னவோ, பரிதாபமும் இல்லாமல் உபதேசமும் இல்லாமல் ஒரு நோயின் போக்கை எழுதுகிற மாதிரி எழுதுகிறார்.

ஆட்டத்துக்கு வருவோம், அதற்குத்தானே புத்தகத்தை எடுத்தோம். 1953ல் போட்டாஃபோகோவில் சோதனை ஆட்டம். எதிரே நிற்பது நில்டன் சாண்டோஸ், அப்போதே பிரேசில் அணியின் இடது டிஃபெண்டர். அவரையே தாண்டிப் போகிறார் இந்த வளைந்த கால் பையன். தாண்டப்பட்டவரே நிர்வாகத்திடம் போய், இவனை உடனே எடுங்கள், இன்னொரு கிளப்பில் இவனுக்கு எதிராக ஆட என்னால் முடியாது என்கிற தொனியில் சொல்லியதாகச் சொல்வார்கள். எடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் போன்சுசெசோ அணிக்கு எதிராக மூன்று கோல். நில்டன் சாண்டோஸ் கடைசிவரை அவருக்கு அண்ணன் மாதிரி இருந்தார், புத்தகத்தில் நான் மனதார மதித்த வெகு சிலரில் அவர் ஒருவர்.

கரிஞ்சாவின் டிரிப்ளிங்கை, அதாவது பந்தைக் காலோடு வைத்துக்கொண்டே எதிராளியைத் தாண்டும் வித்தையை, எழுத்தில் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் செய்தது ஒரே ஒரு வித்தை என்று வைத்துக்கொள்ளலாம். வலது ஓரக்கோடு பக்கம் பந்து காலடியில். டிஃபெண்டர் முன்னால் வந்து நிற்கிறான். கரிஞ்சாவும் நின்றுவிடுவார், அசைவே இருக்காது. இடது பக்கம் உடம்பை ஒரு சாய்ப்பு, பந்து இருந்த இடத்திலேயே இருக்கிறது, டிஃபெண்டர் பாதி உடம்போடு அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்புகிறான், மறுபடி ஒரு சாய்ப்பு, மறுபடி அவன் போகிறான். அடுத்த நொடி வலது பக்கம் வெடித்துக் கிளம்புகிறார். எப்போதுமே வலது பக்கம்தான். அரங்கில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியாது. கால்கள் இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருப்பதால் அவர் எந்தப் பக்கம் எடை போட்டிருக்கிறார் என்று எதிராளியால் படிக்க முடியாமல் போகிறது, கூடவே நின்ற இடத்திலிருந்து முழு வேகம் எடுக்க அவருக்கு இரண்டு மூன்று அடிகள் போதும். மாயமந்திரம் ஒன்றுமில்லை, உடம்பும் திரும்பத் திரும்பச் செய்து வந்த பழக்கமும். யூடியூபில் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் கிடைக்கின்றன, அவற்றைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டு இந்த அத்தியாயங்களைப் படிப்பது தனி ருசி.

1958ல் முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். மூன்றாவது சோவியத் யூனியனுக்கு எதிரே, கோதன்பர்க்கில், ஜூன் 15. விஞ்ஞான முறைப்படி ஆடுபவர்கள் என்று ஐரோப்பாவே பயந்த அணி, கோலில் லெவ் யாஷின். ஆட்டம் தொடங்கின முதல் நிமிடத்திலேயே கரிஞ்சா தன்னைத் தடுத்தவர்களை உதறிவிட்டு அடித்த பந்து கோல்கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. கொஞ்ச நேரத்தில் பெலே அடித்ததும் கம்பத்தில். மூன்றாவது நிமிடத்தில் டிடி கொடுத்த பாஸில் வவா கோல். கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் என்று பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேப்ரியல் ஹானோ சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் பகுதியைப் படித்து முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது, ஓடினவர் அவர் என்றாலும். பிறகு வேல்ஸ், பிரான்ஸ், இறுதியில் ஸ்வீடன் 5-2, அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

1962 சிலி, அதுதான் முழுக்க அவருடைய கோப்பை. இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயமடைந்து உட்கார்ந்துவிட்டார். கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், அரை இறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு கோல். இங்கிலாந்து ஆட்டத்தில் ஒரு நாய் மைதானத்துக்குள் ஓடிவந்து கரிஞ்சாவுக்கே போக்குக் காட்டிவிட்டுப் போக, கடைசியில் ஜிம்மி க்ரீவ்ஸ் நாலு காலில் தவழ்ந்து அதைப் பிடித்தார், அது அவர் சட்டையை நனைத்துவிட்டது. அரை இறுதியில் ஆட்டம் முழுக்கத் தன்னை உதைத்த எலாடியோ ரோஹாஸைத் திருப்பி ஒரு உதை கொடுத்ததற்கு நடுவர் வெளியே அனுப்புகிறார், போகிற வழியில் கூட்டத்திலிருந்து எறிந்தது ஏதோ தலையில் பட்டு ரத்தம். வெளியேற்றப்பட்டவர் இறுதி ஆட்டத்தில் எப்படி இறங்கினார்? பிரேசில் பிரதமர் வரைக்கும் தலையிட்டார், சம்பவத்தைப் பார்த்த லைன்ஸ்மேன் விசாரணைக்கு முன் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். காய்ச்சலோடு இறங்கினார், செக்கோஸ்லோவாக்கியா அவரைச் சுற்றியே ஆள் போட்டு வைக்க மற்றவர்கள் கோல் போட்டார்கள், 3-1. இந்தத் தில்லுமுல்லுகளை மூடி மறைக்காமல் எழுதியது எனக்குப் பிடித்தது. நாயகனுக்குச் சாதகமாக நடந்த அநியாயமும் அநியாயம்தான் என்று வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் அபூர்வமாகத்தான் ஒத்துக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு வருவது முழங்கால். வளைந்த கால்களில் அப்படி வெட்டித் திரும்பினால் மூட்டுக் குருத்தெலும்பு எத்தனை வருஷம் தாங்கும்? தேய்கிறது, வீங்குகிறது, நீர் கோக்கிறது. நீரை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, வலி தெரியாமல் இருக்க இன்னொரு ஊசி போட்டு இறக்கிவிடுகிறார்கள். ஓய்வு தேவைப்படும் காலில் இன்னொரு காட்சி ஆட்டம், இன்னொரு ஊர். அறுவை சிகிச்சை 1964ல்தான் நடக்கிறது, அதற்குள் காலம் கடந்துவிட்டது. முப்பது வயதில் அவருடைய பழைய ஆட்டம் முடிந்துபோனது. பிறகு கொரிந்தியன்ஸ், ஃபிளமெங்கோ, ஒலாரியா என்று அவர் கிளப் கிளப்பாக நகர்வதை காஸ்ட்ரோ வேகமாகக் கடந்துவிடுகிறார், அதுவும் சரிதான், அங்கே சொல்ல ஒன்றுமில்லை.

எல்சா சோரெஸ் வருகிற பக்கங்கள் புத்தகத்தின் இன்னொரு உயிர். சாம்பா பாடகி, பெரிய குரல், வறுமையில் பிறந்து தன் முயற்சியில் மேலே வந்தவர். 1962ல் இருவரும் சேர்கிறார்கள். கரிஞ்சாவுக்கு அப்போது மனைவியும் மகள்களும் இருக்கிறார்கள் (முதல் மனைவியிடம் மட்டும் எட்டுப் பெண் பிள்ளைகள், மொத்தமாகக் குறைந்தது பதினாலு பிள்ளைகள்). ஊர் முழுக்க எல்சாவைத்தான் திட்டியது. குடும்பம் கெடுத்தவள், கரிஞ்சாவின் ஆட்டத்தைக் கெடுத்தவள் என்று பத்திரிகைகள் எழுதின, வீட்டின் மேல் கல்லெறிந்தார்கள். முழங்கால் போனதற்கும் அவர்தான் காரணமாம்! ஆனால் பாட்டுப் பாடிச் சம்பாதித்து வீட்டை ஓட்டியதும், பாட்டில்களை ஒளித்து வைத்ததும், மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனதும் அந்தப் பெண்மணிதான். 1969ல் கரிஞ்சா ஓட்டிய கார் லாரியில் மோதியதில் எல்சாவின் அம்மா இறந்தார். அதற்குப் பிறகும் அவரை விட்டுப் போகவில்லை, தற்கொலைக்கு முயன்றவரைக் காப்பாற்றி இத்தாலிக்குக் கூட்டிப்போனார். 1977ல் கரிஞ்சா கை நீட்டிய பிறகுதான் பிரிவு. எல்சா இறந்தது 2022 ஜனவரி 20, கரிஞ்சா இறந்து சரியாக முப்பத்தொன்பது வருஷம் கழித்து, அதே தேதியில். புத்தகம் வந்தபோது இது யாருக்குத் தெரியும்.

கடைசி நூறு பக்கம் கனமானது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 1973 டிசம்பரில் ரியோவின் மரக்கானா அரங்கில் அவருக்காக ஒரு பிரியாவிடை ஆட்டம் நடத்தினார்கள், 131,000 பேர் வந்தார்கள். அது ஒரு உச்சம் என்றால், 1980 கார்னிவல் அதற்கு நேர் எதிர். மங்கேரா சாம்பா பள்ளியின் (பள்ளி என்பது பெயரில்தான், கார்னிவலில் ஆடிப்பாடி ஊர்வலம் போகும் குழு அது) ஊர்வல வண்டியில் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். சுற்றி மேளம், ஆட்டம், விளக்கு, லட்சம் பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அவர் மருந்து மயக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு, கையை லேசாக உயர்த்தி உயர்த்தி இறக்குகிறார். அந்த நிலையில் ஒருவரைத் தூக்கி வண்டியில் வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியது? அவரை ஏற்றிய கைகள் எல்லாம் அன்பான கைகள்தான் என்பது இன்னும் மோசம். ஆலைக்காரர்கள், கிளப்காரர்கள், இப்போது ரசிகர்கள். அவரிடமிருந்து ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் எல்லோருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, பெயர்கள். கிளப் தலைவர், துணைத் தலைவர், மருத்துவர், பத்திரிகையாளர், குடித்தோழர்கள் என்று பக்கத்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், ஐம்பதுகளின் ரியோ அரசியல் தெரியாதவருக்கு யார் யாருடைய ஆள் என்பது நடுவில் குழம்பிவிடும். ஒரு கட்டத்தில் நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன், கதை அதனால் கெடவில்லை. இரண்டாவது, கரிஞ்சாவின் பெண் தொடர்புகளை எழுதும்போது மட்டும் காஸ்ட்ரோவின் அந்த நிதானம் கொஞ்சம் வழுக்குகிறது. மற்ற இடங்களில் கட்டுக்கதையைக் கண்டால் ஊசி எடுத்துக் குத்துகிறவர், இங்கே மட்டும் ஆண்கள் கூடிப் பேசும் தொனிக்கு இறங்கிவிடுகிறார். எட்டுப் பெண்களை வளர்த்த அந்த முதல் மனைவிக்கு என்ன தோன்றியது, வாரக் கணக்கில் அவர் வராத வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதெல்லாம் எனக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை. எல்சாவுக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசி அவருக்குக் கொடுத்திருக்கலாம். மூன்றாவது, கிளப் சுற்றுப்பயண ஆட்ட விவரங்கள், எந்த ஊரில் யாரோடு எத்தனைக்கு எத்தனை என்று. போட்டாஃபோகோ ரசிகருக்கு அது பொக்கிஷமாக இருக்கலாம், எனக்குப் பக்கம் புரட்டல்.

முதல் மனைவியையும் மகள்களையும் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தகம் வெளிவந்த கையோடு கரிஞ்சாவின் மகள்கள் சார்பில் வழக்கு, அப்பாவின் அந்தரங்கத்தையும் குடியையும் கடைவிரித்துவிட்டார்கள் என்று. நீதிமன்றம் தடை போட, கிட்டத்தட்ட ஒரு வருஷம் புத்தகம் கடைகளில் கிடைக்கவில்லை. பிற்பாடு பதிப்பகம் இழப்பீடு தர வேண்டியும் வந்தது. வாழ்க்கை வரலாறு எழுத சம்பந்தப்பட்டவரிடமோ வாரிசுகளிடமோ அனுமதி வாங்க வேண்டுமா என்ற சண்டை பிரேசிலில் இப்படி இழுத்துக்கொண்டே போய், 2015ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, முன் அனுமதி தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. எனக்கு இதில் இரண்டு மனசு. அனுமதி வாங்கி எழுதியிருந்தால் இந்தப் புத்தகம் இந்தப் புத்தகமாக வந்திருக்காது, ரேடியோ கதையும் பறவைக் கதையும்தான் மிஞ்சியிருக்கும். அதே நேரம் அவருடைய வாழ்நாளில் அவரை வைத்து எல்லோரும் சம்பாதித்தார்கள், செத்த பிறகும் சம்பாதிக்கிறார்கள், எங்களுக்கு என்ன என்று அந்தப் பெண்கள் கேட்டால் அதற்கு இலக்கியச் சுதந்திரத்தைப் பதிலாகச் சொல்ல எனக்கு வாய் வராது. வழக்குப் போட்டது பண ஆசை என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள், புத்தகத்திலேயே இருக்கும் அந்த வெற்று ஒப்பந்தக் கதையை இன்னொரு முறை படிக்கலாம்.

மொழிபெயர்ப்பு தடங்கலில்லாமல் ஓடுகிறது. ஆட்ட வர்ணனைகளில் டவுனி கை நன்றாகப் பேசுகிறது, ரியோவின் மதுக்கடைப் பேச்சு வரும் இடங்களில்தான் கொஞ்சம் விறைப்பு.

யார் படிக்கலாம்? எண்ணிக்கை தேடுபவர்களுக்கு, எந்த வருஷம் எத்தனை கோல் என்று பட்டியல் போடுபவர்களுக்கு இது வேண்டாம், இணையத்தில் அதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. பெலேயா மரடோனாவா மெஸ்ஸியா என்று விடிய விடியச் சண்டை போடுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும், அந்தப் பட்டியலில் இவர் பெயர் ஏன் வருவதில்லை என்று சண்டையைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பலாம். கால்பந்தே பார்க்காதவர்கள்கூடப் படிக்கலாம், பாவ் கிராண்டே அத்தியாயத்துக்கும் எல்சாவுக்கும் ஆஃப்சைட் விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் குடிநோயோடு யாராவது இருக்கிறார்கள் என்றால் மட்டும், இத்தாலியிலிருந்து அவர்கள் திரும்பி வந்த பிறகு வரும் பக்கங்களை இரவில் தனியாகப் படிக்க வேண்டாம் என்பேன். நேரம் குறைவு, முழுதும் முடியாது என்பவர்கள் முன்னோர் கதையைத் தாண்டிப் பாவ் கிராண்டேயில் தொடங்கி 1962 வரை ஒரே மூச்சில் போய்விட்டு, சுற்றுப்பயண ஆட்டங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, முழங்கால் வரும் இடத்தில் மறுபடி உட்காருங்கள்.